சிறுநீரில் நிற்கும் நுரை

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 56 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். 12 வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு), கூடவே ரத்தக் கொதிப்பு. ஆறு மாதமாகச் சாயங்காலமானால் கால் வீங்குகிறது. இரவில் மூன்று முறை எழுந்து போகிறார். சிறுநீரில் நுரை. ஆனால் சீனி அளவு முன்பைவிட நன்றாக இறங்கியிருக்கிறது என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார், இளநீரும் பிளிம்பிங் (நட்சத்திரப் பழம்) சாறும் கொடுக்கச் சொல்கிறார். அப்பா இன்னும் செம்பனையில் வேலை பார்க்கிறார். இது சிறுநீரகக் கோளாறின் ஆரம்ப அறிகுறியா, வயதுக்கு வருவதா, எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் கடைசி 14 வருடம் டயாலிசிஸ் பிரிவில். லயத்து வீட்டில் பிறந்து, அம்மா அப்பா பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போன பிறகு ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவள். அதனால் உங்கள் வீட்டில் என்ன பேச்சு ஓடும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று: பிளிம்பிங் சாற்றை இன்றைக்கே நிறுத்துங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை இளநீரும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், இதை மட்டும் முதலில் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் கேள்வியில் கால் வீக்கத்தைவிட என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்தச் சீனி இறங்கிய செய்திதான். சாப்பாட்டை மாற்றினாரா? எடை குறைத்தாரா? நடக்க ஆரம்பித்தாரா? அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. பழைய சாப்பாடு, பழைய மாத்திரை, ஆனாலும் சீனி தானாக இறங்குகிறது என்றால் சிறுநீரகத்தை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். உடம்பில் இருக்கும் இன்சுலினில் ஒரு பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். சில இனிப்பு நீர் மாத்திரைகளும் அதன் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அது தளர்ந்தால் இன்சுலினும் மருந்தும் உடம்பிலேயே அதிக நேரம் தங்கிவிடும். அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்யும். பசியும் மந்தமாகும். மீட்டரில் எண் அழகாகத் தெரியும்.

என் வார்டுக்கு வந்த ஒரு பெரியம்மா இரண்டு வருடமாக இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்திருந்தார். "சாமி புண்ணியத்துல இனிப்பு நீர் போயிடுச்சி மிஸ்ஸி" என்றுதான் முதல் நாள் என்னிடம் சொன்னார். அப்போதே அவர் கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்டாகிவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் யாராவது அவரிடம் ஒரு கோப்பை சிறுநீர் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஏன் உடம்பு முன்னாலேயே சொல்வதில்லை? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை வடித்து, தேவையானதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. சில வடிகட்டிகள் செத்தால் மிச்சம் இருப்பவை அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும். பத்துப் பேர் பால் வெட்டும் காட்டை ஆறு பேர் ஓடி ஓடி வெட்டி முடித்தால் பால் நிறுக்கும் இடத்தில் எடை குறையாது, கங்காணிக்கும் ஒன்றும் தெரியாது. அந்த ஆறு பேரும் களைத்து உட்காரும் நாளில்தான் தெரியும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவதற்கு முன்பே கிட்டத்தட்டப் பாதித் திறன் போயிருக்கலாம் என்பது இதனால்தான்.

எனவே "ஆரம்ப அறிகுறிகள்" என்று ஆங்காங்கே போடும் பட்டியல்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. உடம்பெல்லாம் அரிப்பு, வாயில் இரும்பு ருசி, காலையில் குமட்டல், மூச்சில் சிறுநீர் வாடை, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, முகம் வெளுத்துப்போவது, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குவது, இவையெல்லாம் ஆரம்பம் இல்லை. பெரும்பாலும் திறன் மிகவும் குறைந்த பிறகு வருபவை. இவற்றுக்காகக் காத்திருக்கச் சொல்வது ஆளைக் கெடுக்கும் அறிவுரை. இடுப்பு வலியும் அப்படித்தான். நம் ஆட்களுக்கு இடுப்பு வலித்தால் உடனே "கிட்னியா இருக்குமோ" என்று பயம். வாளி தூக்கியவர்களுக்கும் பழக்குலை தூக்கியவர்களுக்கும் இடுப்பு வலிப்பது பெரும்பாலும் தசையும் எலும்பும். கல் இருந்தால், கிருமித் தொற்று இருந்தால் சிறுநீரகப் பக்கம் வலிக்கும், சில நேரம் துடிக்க வைக்கும். ஆனால் இனிப்பு நீராலும் ரத்தக் கொதிப்பாலும் மெல்லக் கெடும் சிறுநீரகம் வலிக்காது.

உண்மையில் முன்கூட்டியே தெரிவது சிறுநீரில்தான். நுரையைப் பற்றிச் சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியவர்கள் விட்டுவிடுகிறார்கள். வேகமாக விழும் சிறுநீரில் குமிழி வருவது எல்லோருக்கும் உண்டு. அந்தக் குமிழிகள் பெரிதாக இருக்கும், சற்று நேரத்தில் உடைந்து போகும். கழிவறை கழுவும் மருந்து ஒட்டியிருந்தாலும் நுரைக்கும். தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் கெட்டியானாலும் கொஞ்சம் நுரைக்கும். புரதம் ஒழுகினால் வரும் நுரை வேறு மாதிரி: பொடிப் பொடியாக, அடுக்காக, தே தாரிக்கின் மேல் நிற்பதுபோல் நிற்கும். ஒருமுறை தண்ணீர் ஊற்றினாலும் முழுதாகப் போகாது. அடுத்த நாளும் அதே மாதிரி வரும். வடிகட்டியின் சல்லடை பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் வெளியே போகிறது என்று அர்த்தம். ஆனால் ஒன்று, நுரையே இல்லாமலும் அல்புமின் ஒழுகும். தொடக்கத்தில் ஒழுகும் சிறு அளவு கண்ணுக்குத் தெரியாது, பரிசோதனையில் மட்டும் தெரியும்.

இரவில் எழுந்து போவதற்குப் பல காரணம் உண்டு. படுக்கும் முன் மைலோ குடித்தாலும் எழ வேண்டும். ஆண்களுக்கு வயதானால் புராஸ்டேட். சீனி அதிகமாக இருந்தால் அதுவும் நீரை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அம்மாவுக்குச் சீனி இறங்கியிருக்கிறதே, அப்படியானால் எழுந்து போவதும் குறைந்திருக்க வேண்டும். குறையாமல் கூடியிருக்கிறது. நல்ல சிறுநீரகம் இரவில் சிறுநீரைக் கெட்டியாக்கி அளவைக் குறைக்கும், நாம் விடியும்வரை தூங்குவோம். தளர்ந்தது அதைச் செய்ய முடியாமல் தவிக்கும். பகலில் காலில் இறங்கிய நீர் படுத்ததும் திரும்ப ரத்தத்துக்கு வருவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

கால் வீக்கத்துக்கு அம்மாவின் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால் அங்கே நீர் கோத்திருக்கிறது. காலையில் எழுந்ததும் கண் இமை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். வளையல், மோதிரம் இறுக்குவதைப் பெண்கள் முதலில் கவனிப்பார்கள், கேளுங்கள். இருதயம், கல்லீரல் இரண்டும்கூட வீங்க வைக்கும். இன்னொன்று: ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா? அந்த மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அம்மாவின் வீக்கத்துக்கு அதுவே முழுக் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஆம், இது சிறுநீரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். 12 வருட இனிப்பு நீர் அதற்குப் போதும். நம் மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நாள்பட்ட சிறுநீரக நோய் 2011இல் 9.07 விழுக்காடாக இருந்தது, 2018இல் 15.48 ஆகிவிட்டது. அப்படி நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் தங்களுக்கு அது இருப்பதே தெரிந்திருந்தது. அந்தக் கடைசி எண்ணைத்தான் நான் போகும் கோயில், கல்யாணம் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும். சும்மா "கிட்னி டெஸ்ட் எடுங்க" என்று கேட்காதீர்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம்; மைக்ரோ அல்புமின் என்றாலும் புரியும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை பார்க்க வேண்டிய பரிசோதனை இது. முடிவு (mg/mmol கணக்கில்) 3க்குக் கீழே இருந்தால் நல்லது, 3 முதல் 30 வரை ஒழுக்கு தொடங்கிவிட்டது, 30க்கு மேல் என்றால் அதிகமாகவே ஒழுகுகிறது. இரண்டாவது, ரத்தத்தில் கிரியாட்டினின், அதிலிருந்து கணக்கிடும் ஜிஎஃப்ஆர் எண், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம். கிரியாட்டினினை மட்டும் பார்த்து "நார்மல்தான்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். 25 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 110 (µmol/L) என்றால் ஜிஎஃப்ஆர் 80க்கு மேல் வரும். அதே 110 உங்கள் அம்மாவின் வயதுப் பெண்ணுக்கு என்றால் ஏறக்குறைய 50தான். ஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட நோய். 30க்குக் கீழே போனால் சிறுநீரக ஸ்பெஷலிஸ்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். 15க்குக் கீழே டயாலிசிஸ் பற்றிய பேச்சு. ஒழுக்கு அதிகமாக இருந்தாலும் ஜிஎஃப்ஆர் வேகமாக இறங்கினாலும் 30 வரை காத்திருக்காமல் முன்பே அனுப்புவார்கள். காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு இருக்கும் நாளில் அல்புமின் தவறாகக் கூடுதலாகக் காட்டும், அந்த நாளில் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு முடிவை வைத்து அழவும் வேண்டாம், மூன்று மாதத்தில் திரும்ப எடுத்து உறுதி செய்வார்கள்.

செலவை நினைத்து அம்மா தள்ளிப்போட்டால், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கக் கிளினிக்கில்) பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட் என்று சொல்லுங்கள். அரசாங்க உதவித்தொகை வாங்கும் குடும்பமாக இருந்தால், 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் ரத்தமும் சிறுநீரும் இலவசமாகப் பார்ப்பார்கள். அப்பாவுக்கும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

இப்போது பிளிம்பிங். நட்சத்திரம் மாதிரி வெட்டு விழும் அந்தப் பழத்தைக் கொதிப்புக்கு நல்லது என்று நம் பக்கம் சாறு பிழிந்து கொடுப்பார்கள். அத்தையும் பாசத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதில் நரம்பைத் தாக்கும் ஒரு நச்சு இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகம் உள்ளவருக்கு அது மூளைக்கு ஏறி, நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்துவிடும். வெறும் வயிற்றில் சாறாகக் குடித்தால், அதில் நிறைய இருக்கும் ஆக்சலேட் நல்ல சிறுநீரகத்தையே அடைத்த சம்பவங்களும் உண்டு. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதைத் தள்ள முடியாமல் போனால் இருதயத் துடிப்பு தடுமாறும். உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் குறை சோடியம் உப்பை வாங்காதீர்கள், பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கும். தண்ணீர் நிறையக் குடித்தால் பழுதான வடிகட்டி திரும்ப வளராது. கால் வீங்கியவருக்குக் கூடுதல் தண்ணீர் வீக்கத்தைத்தான் கூட்டும், தாகத்துக்குக் குடிக்கட்டும். கருவாடு, ஊறுகாய், கிச்சாப் (சோயா சாஸ்), மெகி தூள் நான்கையும் குறைத்தாலே உப்பு நிறையக் குறையும்.

நான் அதிகம் கேட்க விரும்புவது வலி மாத்திரையைப் பற்றி. பால் வெட்டியவர்களுக்குத் தோளும் முழங்காலும் சும்மா இருக்காது. கடையில் போன்ஸ்தான், வோல்ட்டரன் மாதிரி மாத்திரைகளை வாங்கி, வலித்தால் ஒன்று, வலிக்காவிட்டாலும் வலி வரப்போகிறது என்று ஒன்று. அம்மா அப்படிச் செய்கிறாரா என்று கேளுங்கள். நேராகக் கேட்டால் "எப்பயாச்சும்தான்" என்பார், அலமாரியைத் திறந்து காலி அட்டைகளை எண்ணுங்கள். இந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே தளர்ந்ததை, அதுவும் கொதிப்பு மாத்திரையோடு சேர்ந்து, ஒரே வாரத்தில் கீழே தள்ளிவிடும். வலிக்குப் பாராசிட்டமோல் அளவோடு போதும். அதைவிட மோசம், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மூட்டு வலி மாஜூன், ஜாமு போன்ற நாட்டு மருந்து உருண்டைகள். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும். சுகாதார அமைச்சு அப்படிப் பிடிபட்டவற்றைப் பற்றி அடிக்கடி எச்சரிக்கை விடுகிறது. பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லாத மருந்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, கொடுத்த மருந்தைச் சாப்பிடாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். "இனிப்பு நீர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது" என்ற பேச்சு தோட்டம் முழுக்க உண்டு. மெட்போர்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் கெட்ட பிறகு அதன் அளவைக் குறைப்பார்கள், ஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். மாத்திரை நிறுத்தப்பட்ட மாமாவைப் பார்த்து ஊர் தலைகீழாகப் புரிந்துகொண்டது. பெரிண்டோபிரில், லொசார்ட்டான் போன்ற கொதிப்பு மாத்திரைகள் சிறுநீரில் ஒழுகும் அல்புமினையும் குறைக்கின்றன. பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், அப்போது மாற்றிக் கொடுப்பார்கள். டப்பாகிளிபிளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரகம் இறங்கும் வேகத்தைக் குறைக்கின்றன என்று கடந்த சில வருட ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அம்மாவுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது கிடையாது. இருந்திருந்தால் என் நாற்காலிகளில் உட்கார்ந்த பலர், வாரம் மூன்று நாள் நான்கு மணி நேரம் ஊசியோடு கழிக்காமல், இன்னும் சில வருடம் வீட்டில் இருந்திருப்பார்கள்.

அப்பாவைப் பற்றி இரண்டு விஷயம். செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் அதன் சிறுநீர். கையில் காலில் வெட்டுக்காயத்தோடு ஈர மண்ணிலும் கானிலும் (வடிகாலிலும்) உதிரிப் பழம் பொறுக்குபவர்களுக்குக் கென்சிங் திக்குஸ், அதாவது எலிக் காய்ச்சல் வரும். திடீர்க் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட முடியாத வலி, பிறகு சிறுநீர் குறைவது. இது மெல்லக் கெடுக்கும் நோய் இல்லை, சில நாட்களிலேயே சிறுநீரகத்தை நிறுத்திவிடும். அந்தக் காய்ச்சலோடு போகும்போது "தோட்டத்தில் வேலை" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அந்தப் பரிசோதனையை நினைப்பார்கள். பூட்ஸும் கையுறையும் போடட்டும். இரண்டாவது, வெயில். மத்தியானம் வீடு திரும்பும்போது சிறுநீர் கட்டித் தேநீர் நிறத்தில் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் போதவில்லை. தண்ணீர் குடித்தும் அதே நிறம் மாறாவிட்டால் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

நீங்கள் 29 வயது என்கிறீர்கள். அம்மாவுக்கு இனிப்பு நீரும் கொதிப்பும் இருப்பதால் நீங்களும் சீனியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் கொதிப்பு இருந்தால் அதற்குப் பின்னால் சிறுநீரகக் கோளாறு ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கி, தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடி தூங்குகிறார் என்றாலோ, சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டாலோ, வாந்தியோடு பேச்சு குழம்பினாலோ, சீனி திடீரென இறங்கி வியர்த்து நடுங்கினாலோ கிளினிக் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. நடுங்கும்போது சுயநினைவு இருந்தால் வழியிலேயே சீனித் தண்ணீர் கொடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் திங்கட்கிழமை காலை போகலாம். எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைத்தான் கொடுக்க வேண்டும், தொடக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் கொடுத்த இனிப்பு நீர் புத்தகத்தையும், வீட்டு மீட்டரில் எழுதிய எண்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். அலமாரியில் எண்ணிய அந்தக் காலி அட்டைகளும் அதே பையில் போகட்டும், அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்தாலும்.